பெட்டி போச்சு

சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற தீர்ப்பு: "பெட்டி போச்சுங்க." பெட்டி என்றால் ஈசிஎம். இன்ஜின் மேலோ, கேபினுக்குள்ளோ போல்ட் போட்டு இறுக்கிய அலுமினியக் கூடு. எந்த சிலிண்டருக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று முடிவு செய்கிற மூளை அதற்குள்தான் இருக்கிறது. கடைசியில் வர வேண்டிய இந்தத் தீர்ப்பை வண்டி உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஸ்கேனரைச் செருகுகிறார்கள், திரையில் ஐந்தாறு கோளாறு எண்கள் ஒன்றாக வருகின்றன, "இத்தனை சென்சாரும் ஒரே நாள்ல எப்படிங்க போகும்? பெட்டிதான்" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெட்டியின் விலையோ, வண்டிக்கு வண்டி மாறினாலும், லாரி முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குக் குறையாது.

மெக்கானிக்கல் பம்ப் இருந்தவரை இந்தச் சிக்கல் இல்லை. புகையின் நிறத்தையும் இன்ஜினின் சத்தத்தையும் வைத்தே நோயைச் சொல்லிவிடுகிற மேஸ்திரிகள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தது. பிஎஸ்-5 என்ற படியே இல்லாமல் 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 வந்தது. அதன் பிறகு புது லாரி வாங்குகிறவர் பெட்டியையும் சேர்த்தேதான் வாங்குகிறார். காதுக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் காது மட்டும் போதாது.

பெரியப்பா மகனான என் அண்ணனின் பன்னிரண்டு சக்கர லாரி தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லோடோடு நின்றது. தள்ளாடவில்லை, புகைக்கவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல் இன்ஜின் ஆஃப். செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. டீ குடித்து, இன்ஜின் சூடு தணிந்த பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஊருக்கு வந்தால் கோளாறே காட்டுவதில்லை. அடுத்த லோடில், அடுத்த ஏற்றத்தில் மறுபடி நிற்கிறது. முதலில் காட்டிய பட்டறையில் பெட்டித் தீர்ப்பு வந்துவிட்டது. பணம் புரட்டுவதற்குள் யாரோ சொல்லி, இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் வண்டி போனது. டிப்ளமோ படித்த பையன். கையில் லேப்டாப் இருந்தும் அதை முதலில் திறக்கவில்லை. "மொதல்ல கரண்டு ஒழுங்கா வருதான்னு பாக்கலாங்ண்ணா" என்றான்.

அவன் எடுத்தது ஒரு பழைய 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு, ரெண்டு ஒயர் பற்றவைத்தது. பெட்டியின் கப்ளரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து வருகிற பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பல்பைக் கொடுத்தான். மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்டேன். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. ஒயருக்குள் பத்து இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது 24 வோல்ட் என்று நல்ல பெயர் கொடுத்துவிடும். எழுபது வாட் பல்பு கிட்டத்தட்ட மூன்று ஆம்பியர் கேட்கும். பச்சை பூத்த டெர்மினலோ, லூசான எர்த்தோ இருந்தால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஐம்பது ரூபாய்ச் சாமான் செய்கிற வேலை இது. ஈசிஎம் மாற்றிய பிறகும் அதே கோளாறு தொடர்கிற பல லாரிகளில் குற்றவாளி எர்த் ஒயர்தான் என்றான். எங்கள் லாரியில் பல்பு பளிச்சென்று எரிந்தது. அண்ணன் முகம்தான் மங்கியது.

அடுத்து ஐந்து வோல்ட். பெட்டி 24 வோல்ட்டை வாங்கிக்கொண்டாலும் பல சென்சார்களுக்கு ஐந்து வோல்ட்தான் தருகிறது. ஒரே லைனிலிருந்து மூன்று நான்கு சென்சார் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் ஏதாவது ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலோ, அதன் ஒயர் பிராக்கெட்டில் உரசித் தோல் போனாலோ, லைன் முழுவதும் படுத்துவிடும். ஒரே நாளில் ஐந்து சென்சார் போவது இப்படித்தான். அதே பட்டறையில் நின்ற வேறொரு டிப்பருக்கு இந்தக் கதிதான். பையன் மீட்டரை லைனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சென்சாரின் கப்ளராகக் கழற்றச் சொன்னான். ஒன்றைக் கழற்றினார்கள், மீட்டர் அசையவில்லை. அடுத்தது, அசையவில்லை. ஆயில் பிரஷர் சென்சாரைப் பிடுங்கியதும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே கிடந்த எண் சட்டென்று ஐந்துக்கு ஏறியது. அந்த ஒரு சென்சாரை மாற்றியதும் ஐந்து கோளாறும் போயின. அந்த டிப்பரின் சொந்தக்காரரும் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர்தான்.

எங்கள் லாரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எல்லா சென்சாரையும் கழற்றிவிட்டான். பெட்டியிலிருந்து சென்சார் வரை ஒயரைத் தனியாக அளந்தான், எங்கும் ஷார்ட் இல்லை. பெட்டியை மட்டும் மாட்டினால் ஐந்து வோல்ட் சரியாக வந்தது. பிறகு ஹீட் கன்னை எடுத்துக் கூட்டின் மேல் மெதுவாகக் காட்டினான். எண் ஐந்திலேயே நின்றது, நின்றது, திடீரென்று இரண்டுக்கு விழுந்தது. ஆறவிட்டால் ஏறியது, சூடு காட்டினால் மறுபடி விழுந்தது. தொப்பூர் ஏற்றத்தை அவன் பட்டறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். உள்ளே சாலிடர் விரிசலாக இருக்கலாம், வேறு பாகமாக இருக்கலாம். பெட்டிதான் என்பதில் சந்தேகம் இல்லை. முதல் பட்டறையும் இதைத்தான் சொன்னது என்று அண்ணன் முணுமுணுத்தார். சொன்னது சரி, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

கழற்றி மாட்டுவது என்றால் நாலு போல்ட், ரெண்டு கப்ளர். இதற்குப் பெயர் மாற்றுவது இல்லை. புதுப் பெட்டிக்குத் தான் எந்த வண்டியில் இருக்கிறோம் என்றே தெரியாது. அந்த இன்ஜினுக்கான சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும், சேஸிஸ் நம்பர் எழுத வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டையும் சிலிண்டர் வரிசைப்படி பதிக்க வேண்டும். ஒரே தொழிற்சாலையில் செய்த இன்ஜெக்டர்களும் டீசல் தெளிப்பதில் மயிரிழை வேறுபடும். அந்த வேறுபாட்டைப் பெட்டிக்குச் சொல்வதுதான் அந்தக் குறியீடு. தப்பாகப் பதித்தால் இன்ஜின் ஐடிலில் உதறும், புகை தள்ளும். சாஃப்ட்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கிவிட்டால் புதுப் பெட்டியும் பிணமாகிவிடலாம். அதனால் வெளியிலிருந்து சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பழைய பெட்டிக்குக் கொஞ்சம் உயிர் இருந்தால் அதிலிருப்பதைப் படித்து எடுத்துக்கொள்ளலாம். முழுக்கச் செத்துவிட்டால் கம்பெனி சர்வர்தான் கதி.

சர்வரின் சாவி ஷோரூமில் இருக்கிறது. பையனுக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது, பெட்டியைக் கழற்றி மாட்டவும் தெரிந்தது. எழுத மட்டும் அனுமதி இல்லை. லாரியை இழுத்துக்கொண்டு போய், ஷோரூம் வாசலில் வரிசையில் நிறுத்தினோம். வண்டி நின்றாலும் இஎம்ஐ நிற்காது. கம்பெனிகள் சொல்கிற காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எழுதுகிற வசதியைத் திறந்துவிட்டால் புகையைக் கட்டுப்படுத்தும் யூரியாக் கரைசலை ஊற்றாமலே ஓட்டுவதற்குப் பெட்டியை ஏமாற்றித் தரும் கடைகளுக்குக் கொண்டாட்டம்தான். அப்படிப்பட்ட கடைகள் இப்போதே இருக்கின்றன. அதற்காக, இன்ஜெக்டர் குறியீடு பதிப்பதையும் புகைக்கட்டுப்பாட்டை முடக்குவதையும் ஒரே பூட்டுக்குள் வைப்பது என்ன நியாயம்? பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனமும் அதில் ஒரு துறை. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. சங்ககிரிப் பையனின் லேப்டாப்புக்கு அதனால் ஒரு கதவும் திறந்ததாகத் தெரியவில்லை.

லாரி இப்போது ஓடுகிறது. பெட்டி ஏன் போனது என்று பையனைக் கேட்டேன். நிரூபிக்க முடியாது என்றான். பின் கதவு ஒட்டுப் போட்டது எப்போது என்று மட்டும் திருப்பிக் கேட்டான். பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் சேஸிஸில் வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் எந்த வழியாகப் போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாதாம். வெல்டிங் எர்த்தை ஒட்டுப் போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும், எங்கோ பம்பரில் அல்ல. அண்ணனின் இன்னொரு லாரி பாடி வேலைக்குத் திருச்செங்கோடு போனபோது இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தார். வெல்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கப்ளர் கழட்டறது எலக்ட்ரீஷியன் வேலைங்க. அதுக்குக் கூலி தனி" என்றாராம்.