ஒரு பவுண்டு கப்பல்

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் தெரியும். வருஷா வருஷம் மதிப்பை வெட்டிக்கொண்டே போனால், கடைசியில் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் நிற்கும். பொருள் ஓடிக்கொண்டிருக்கும், கணக்கில் அது செத்திருக்கும்!

இங்கிலாந்தில் ஒரு கப்பல் நிஜமாகவே அந்த விலைக்குப் போனது. பெயர் டேனியல் ஆடம்சன். 1903-ல் பர்கன்ஹெட்டில் கட்டிய நீராவி இழுவைக் கப்பல். லிவர்பூலுக்கும் எல்ஸ்மியர் போர்ட்டுக்கும் நடுவே சரக்குப் படகுகளை இழுத்தது, ஆட்களையும் ஏற்றியது. 1936-ல் உள்ளே சொகுசு அறைகள் வைத்து, மான்செஸ்டர் கப்பல் கால்வாய்க் கம்பெனியின் இயக்குநர்களைச் சுமந்தது. கம்பெனியின் முதல் தலைவர் பெயரைச் சூட்டியதும் அப்போதுதான். 1984-ல் ஓய்வு.

அப்புறம்தான் எனக்கு எரிச்சல். படகு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். பத்திரமா இருக்கும்னுதானே நினைப்பீங்க? துருப்பிடித்தது. விஷமிகள் கைவரிசை வேறு. 2004-ல் உடைக்க அனுப்ப முடிவே செய்துவிட்டார்கள். கட்டிப்போட்டுப் பலகை மாட்டினால் பாதுகாப்பு என்று யார் சொன்னது?

ஓர் இழுவைக் கப்பல் கேப்டன் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். சம்பளமில்லாத தொண்டர்கள் வருஷக்கணக்கில் துரு சுரண்டினார்கள். 2015-ல் லாட்டரி நிதியிலிருந்து 30 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது.

எந்த ஆடிட்டரும் தலையில் அடித்துக்கொள்வார். அவரிடம் ஒன்று கேட்கிறேன். கொதிகலனில் எப்போது அழுத்தம் ஏற்ற வேண்டும், எந்தச் சத்தத்துக்கு எங்கே எண்ணெய் விடவேண்டும் என்பதையெல்லாம் ஓடாத எஞ்சினிடம் எப்படி சார் கத்துக்கறது?

2016-ல் அது மறுபடி கிளம்பியது. ஜனங்கள் டிக்கெட் வாங்கி ஏறினார்கள்.