இழுப்பதா, உறிஞ்சுவதா? ஒரு வீண் பட்டிமன்றம்

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கட்டி வந்து அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் போட்டுக்காட்டிய கணக்கு இது. நிமிடத்துக்கு இவ்வளவு இழப்பு உள்ள ஒரு நோயில், மருத்துவ உலகம் வருடக்கணக்காக நடத்திய பட்டிமன்றம் எது தெரியுமா? கட்டியைக் கம்பி வலையில் சிக்கவைத்து இழுப்பது சிறந்ததா, குழாய் வைத்து உறிஞ்சுவது சிறந்ததா என்பது!

முதலில் இரண்டு அணிகளும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். இரண்டிலும் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சின்னத் துளை போட்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோகிறார்கள். 'ஸ்டென்ட் ரிட்ரீவர்' அணி, கட்டிக்குள் கம்பி வலையை விரித்து, சில நிமிடங்கள் காத்திருந்து, கட்டி சிக்கியதும் வலையோடு சேர்த்து வெளியே இழுக்கிறது. உறிஞ்சும் அணி, சற்று அகலமான குழாயின் வாயைக் கட்டியின் முகத்தில் ஒட்டவைத்து பம்பு மூலம் உறிஞ்சுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற மூன்றாவது அணியும் உண்டு.

இந்தச் சண்டையின் ஆணிவேர் 2004-ல் இருக்கிறது. அந்த வருடம்தான் 'மெர்சி' என்ற கருவிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. கார்க் திறக்கும் திருகு போன்ற கம்பி அது. அதைச் சோதித்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குழாய் திறந்தது. கருவி இல்லாமல் சிகிச்சை பெற்ற ஒரு குழுவை அருகில் வைத்து ஒப்பிட்டார்களா? இல்லை. வேறொரு பழைய ஆய்வின் எண்ணோடு ஒப்பிட்டார்கள். கிடைத்த அனுமதியும் கட்டியை எடுப்பதற்குத்தான். நோயாளி எழுந்து நடப்பார் என்பதற்கு அல்ல!

அன்று பிடித்த வியாதி இன்னும் விடவில்லை. படத்தில் குழாய் திறந்துவிட்டதா? வெற்றி! அந்த மனிதர் தன் கையால் சாப்பிடுகிறாரா என்பது அடுத்த கேள்வி ஆகிவிட்டது.

இந்த அளவுகோல் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு, 2009-ல் வெளியான பெனும்பிரா உறிஞ்சும் கருவியின் ஆய்வே சாட்சி. 125 நோயாளிகள். 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் குழாய் திறந்தது. ஆனால் 90 நாள் கழித்துப் பிறர் துணை இல்லாமல் வாழ முடிந்தவர்கள் 25 சதவீதம் மட்டுமே.

அடுத்த அடி 2013-ல் விழுந்தது. ஐ.எம்.எஸ்.-3 என்ற பெரிய ஆய்வை 656 பேரோடு பாதியில் நிறுத்தினார்கள். குழாய் வழிச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 40.8 சதவீதம் பேர் தேறினார்கள். ஊசி மருந்து மட்டும் பெற்றவர்களில் 38.7 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஏன்? பெரும்பாலும் பழைய கருவிகள், அதோடு தாமதம். இன்னொன்று, பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்து உறுதி செய்வது அங்கே கட்டாயமாக இல்லை. அடைப்பே இல்லாத இடத்தில் எந்தக் கருவி என்ன செய்யும்?

2015-ல்தான் காற்று திசை மாறியது. நெதர்லாந்தின் 'மிஸ்டர் கிளீன்' ஆய்வில் 500 பேர். குழாய் வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 32.6 சதவீதம் பேரும், மற்றவர்களில் 19.1 சதவீதம் பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். அதையும் சேர்த்து ஐந்து ஆய்வுகளின் 1287 நோயாளிகளை 2016-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 46 சதவீதத்துக்கு 26.5 சதவீதம். மறுக்க முடியாத வெற்றி.

இதில் ஸ்டென்ட் ரிட்ரீவருக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மெர்சியை அது நேருக்கு நேர் தோற்கடித்ததை 2012-லேயே இரண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் அடைப்பைப் படத்தில் உறுதி செய்ததும் வேகமாக வேலை செய்ததும் சேர்ந்துதான் ஜெயித்தன. கம்பெனிகள் கோப்பையைக் கருவி கையில் மட்டும் கொடுத்துவிட்டன!

சரி, பட்டிமன்றத்தின் தீர்ப்பு என்ன ஆயிற்று? அது வந்தே பல வருடங்கள் ஆகின்றன.

2017, பிரான்ஸின் ஆஸ்டர் ஆய்வு, 381 பேர்: குழாய் நன்றாகத் திறந்தது, உறிஞ்சியவர்களில் 85.4 சதவீதம், இழுத்தவர்களில் 83.1 சதவீதம்.

2019, அமெரிக்காவின் காம்பஸ் ஆய்வு, 270 பேர்: தேறியவர்கள் 52 சதவீதம், 50 சதவீதம்.

2021, ஆஸ்டர்-2: இரண்டையும் சேர்த்துச் செய்தால் 64.5 சதவீதம், வலை மட்டும் என்றால் 57.9 சதவீதம் என முழுமையாகத் திறந்தன. புள்ளியியல்படி அந்த வித்தியாசமும் தேறவில்லை.

ஆஸ்டரில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. முதலில் எடுத்த முறை தோற்றால் வேறு முறைக்கு மாற அனுமதி உண்டு. முதல் முறையை மட்டும் கணக்கிட்டால் வெற்றி 63.0 சதவீதம், 67.7 சதவீதம். அதாவது நல்ல மருத்துவருக்கு இரண்டுமே வேண்டும்!

உறிஞ்சும் முறையில் செலவு குறைவு, சில நிமிடங்கள் மிச்சம் என்று வாதிடுவோர் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் மிச்சப்படுத்த வேண்டிய நிமிடங்களில் பெரும்பகுதி அறுவை மேசையில் இல்லை. வாயிலுக்கும் மேசைக்கும் நடுவில், ஸ்கேன் அறை வரிசையிலும் கையெழுத்துக்குக் காத்திருப்பதிலும் போகிறது. 2016-ல் சேவர் குழுவின் இன்னொரு கணக்கு: மருத்துவமனை வாசலில் நுழைந்ததிலிருந்து குழாய் திறக்கும் வரையிலான நேரத்தில் 15 நிமிடம் குறைத்தால், ரத்த ஓட்டம் திரும்பிய ஆயிரம் பேரில் 39 பேருக்கு ஊனம் குறையும். இந்த லாபத்தைத் தர எந்தப் புது வலை வந்திருக்கிறது?

'திறக்க முடிகிறது, அதனால் திறக்க வேண்டும்' என்ற ஆசைக்கும் 2025-ல் பதில் கிடைத்தது. கருவிகள் மெலிந்து சின்னக் குழாய்களுக்குள்ளும் போகத் தொடங்கின. டிஸ்டல், எஸ்கேப்-மீவோ என்ற இரண்டு ஆய்வுகளும் அந்தச் சின்னக் குழாய் அடைப்புகளில் கட்டியை எடுத்ததால் நோயாளிகள் கூடுதலாகத் தேறவில்லை என்றன.

இதற்கெல்லாம் மேலே ஓர் எண். 75 நாடுகளில் நடத்திய கணிப்பு 2023-ல் வெளியானது. இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் அதைப் பெறுபவர்களின் நடுநிலை அளவு 2.79 சதவீதம். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை! மீதிப் பேருக்கு வலையும் இல்லை, குழாயும் இல்லை.

பணக்கார நாட்டு வைத்தியம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. பிரேசில் தன் அரசு மருத்துவமனைகளில் 221 பேரிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டது: 35 சதவீதத்துக்கு 20 சதவீதம். அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

அடுத்த மாநாட்டில் யாராவது 'இழுப்பதா, உறிஞ்சுவதா' என்று மைக் பிடித்தால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். வாசலிலிருந்து மேசை வரை எத்தனை நிமிடம்? தொண்ணூறாவது நாள் எத்தனை பேர் நடந்தார்கள்? வாசல் வரைக்குமே வர முடியாதவர்கள் எத்தனை பேர்?