கண்டோன்மென்ட்டுக்கு முன்பே நெல் வயல்

பெங்களூருக்குத் தமிழர் எப்போது வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்தோம்" என்கிறோம். பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாறியது 1809இல். அதன் பின்னால் சமையற்காரராய், சலவைக்காரராய், கூலியாய் வந்தோர் ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதுவே முழுக்கதை என்று சொல்லிவருவது சரியல்ல என்பது என் கருத்து.

சிவாஜிநகரின் பழைய பெயர் பிளாக்பள்ளி என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கமிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே நெல் பயிரிட்டார்கள் என்பது மரியன்னை ஆலயத்தின் வழிவழி வரலாறு. வெள்ளை அரிசி விளையும் ஊர் என்ற பொருளில் 'பிளி அக்கி பள்ளி' என்றிருந்தது ஆங்கிலேயர் வாயில் பிளாக்பள்ளி ஆயிற்றாம். கண்டோன்மென்ட்டை வகுத்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியின் பெயரால் வந்தது என்போரும் உண்டு. பெயர் எப்படியும் வந்திருக்கட்டும். 1803இல் அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கூரை வேய்ந்த சிறு ஆலயம் ஒன்றை எழுப்பினார். பட்டாளம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு! குடிகள் இல்லாத இடத்தில் கோயில் எதற்கு?

பேட்டைப் பக்கம் திகளர்கள் காய்கறியும் பூவும் விளைவித்தார்கள். அவர்கள் பூர்வீகமும் தமிழ்நாடுதான். ஊரே திரளும் பெங்களூர்க் கரகம் அவர்களுடையது.

பிறகு நெல் ஏன் போயிற்று? துரைமார்களுக்குக் கோஸும் காலிஃபிளவரும் கேரட்டும் வேண்டியிருந்தன. வயலைவிட வீட்டு மனைக்கு விலை ஏறியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரயில் வந்த ஊரில் அரிசி வெளியிலிருந்து மூட்டை மூட்டையாய் இறங்கும், ஊர் நடுவில் வயல் தங்காது. 1927இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு இன்று காய்கறி கோலார், மாலூர்ப் பக்கமிருந்து வருகிறது. நாம் வீட்டில் கழிக்கும் தண்ணீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நாம் விட்ட தண்ணீரே கத்தரிக்காயாய்த் திரும்பினாலும் வியப்பில்லை.

1991 டிசம்பரில் காவிரித் தகராறு கலவரமானபோது, "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்ற கேள்வி எவ்வளவு சுட்டது என்பது இதை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். நாங்களே மூத்தவர்கள் என்று மார்தட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்பவன் மேல்மடைக்காரனோடும் கீழ்மடைக்காரனோடும் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்ச முடியும். அப்படி இந்த மண்ணில் கன்னடக் குடியானவரோடு பிழைத்தவர்களும் நம்மவர்களே. இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளிடம் ஏன் மறைக்க வேண்டும்?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன பயிரிட்டார், எந்த ஏரித் தண்ணீர் என்று எழுபது வயது தாண்டியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி, இதழுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். எழுதத் தயங்குவோர் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு நானே வருகிறேன்.