காணப்படாத காயம்



இந்த வாரத் தியானத்திற்கு, நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டிலிருந்து ஒரு மனிதருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் கிளின்ட் மலார்சக். கனடா தேசத்தின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1961-ஆம் ஆண்டு பிறந்தவர். ஐஸ் ஹாக்கி விளையாட்டில் கோல்கீப்பராக இருந்தவர். உடலின் காயத்துக்கு உடனே ஓடிவருகிற நாம், மனதின் காயத்தைக் கண்டால் ஏன் ஒதுங்கி நிற்கிறோம் என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கை நம்முன் வைக்கிறது.

முதலில் அந்தப் பணியின் தன்மையை அறிவோம். ஐஸ் ஹாக்கியில் மற்ற வீரர்கள் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிக் களத்திற்கு வருவார்கள். களைத்தவர் ஓரத்திலுள்ள இருக்கையில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார். கோல்கீப்பருக்கு அந்த ஓய்வு இல்லை. ஆட்டத்தின் அறுபது நிமிடங்களும் பொதுவாக அவர் ஒருவரே நின்றாக வேண்டும். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கோலை நோக்கி, கெட்டியான ரப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து வரும். மற்றவர் செய்த பிழையைச் சகவீரர் ஈடுசெய்யலாம். கோல்கீப்பர் தவறினாலோ அவருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அரங்கமே அதைக் காணும்.

குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்களும், தனியாகப் பொறுப்பைச் சுமக்கும் தகப்பன்மார்களும் இந்த நிலையை எளிதில் புரிந்துகொள்வார்கள். தடுத்த நூறு அடிகளை யாரும் எண்ணுவதில்லை. தடுக்கத் தவறிய ஒன்றுக்கு மட்டும் விளக்கு எரிகிறது.

மலார்சக் 1981 முதல் 1992 வரையிலான காலத்தில் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் கியூபெக், வாஷிங்டன், பஃபலோ ஆகிய மூன்று அணிகளுக்கு விளையாடினார். 1989 மார்ச் 22 அன்று பஃபலோ நகரில் செயின்ட் லூயிஸ் அணியுடன் ஆட்டம் நடந்தது. கோலை நோக்கி விரைந்து வந்த இரண்டு வீரர்கள் மோதி விழுந்தார்கள். அவர்களில் ஒருவருடைய சறுக்குக் காலணியின் கூரிய தகடு மலார்சக்கின் கழுத்தைக் கிழித்தது. பெரிய இரத்தக்குழாய் அறுந்து, வெண்பனித் தளம் சிவந்தது. பார்வையாளர்களில் சிலர் மயங்கி விழுந்தனர்.

தாம் மரித்துவிடுவோம் என்றே அவர் எண்ணினார். தொலைக்காட்சியில் தம் தாயார் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவர் நினைவுக்கு வந்தது. தாயின் கண்முன்னே சாகலாகாது என்று, எழுந்து களத்தைவிட்டு வெளியேறினார். தாம் தாயை நேசிப்பதாக அவருக்குத் தெரிவிக்கும்படி சொன்னார். பிறகு ஒரு குருவானவரை அழைக்கும்படி கேட்டார்.

அந்நேரத்தில் அவரைக் காப்பாற்றியவர் அணியின் உடல்நலப் பயிற்றுநர் ஜிம் பிட்சுட்டெல்லி. வியட்நாம் போரில் இராணுவ மருத்துவப் பணியாளராக இருந்தவர். அவர் தம் கையைக் காயத்துக்குள் செலுத்தி, இரத்தக்குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மருத்துவர்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட தையல்களைப் போட்டார்கள். மலார்சக் பிழைத்தார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். மரண வாசலில் அவர் குருவானவரைக் கேட்டார். அதே வேளையில் பயிற்றுநரின் கை அவர் கழுத்தில் இருந்தது. ஜெபம் போதும், கையை எடு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கை இருக்கிறதே, ஜெபம் எதற்கு என்றும் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே மனிதனுக்கு ஒரே நேரத்தில் தேவைப்பட்டன.

இரண்டு வாரம் முடிவதற்குள் அவர் மீண்டும் கோலின் முன் வந்து நின்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவருடைய துணிவை எல்லாரும் புகழ்ந்தார்கள். கழுத்தின் காயம் ஆறிக்கொண்டிருந்தது. மனதில் உண்டான காயத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. இரவுகளில் அவருக்கு உறக்கம் வரவில்லை; வந்தாலும் கொடிய கனவுகள் எழுப்பின. எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் மனநோய் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதன் அறிகுறிகள் விபத்துக்கு முன்பே, சிறுவயது முதலே இருந்தவை. விபத்துக்குப் பின் அவை பெருகின. வலியை அடக்க மதுவை நாடினார். விளையாடுவதிலிருந்து ஓய்வுபெற்று, இளைய கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியளிப்பவராக ஆன பின்னும் அந்தச் சுமை இறங்கவில்லை.

2008 பிப்ரவரியில் அதே பஃபலோ நகரில் ரிச்சர்ட் செட்னிக் என்ற வீரருடைய கழுத்தை ஒரு சறுக்குத் தகடு அறுத்தது. செட்னிக் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நிகழ்வு, பத்தொன்பது ஆண்டுகளாக மூடிக்கிடந்த இரவை மலார்சக்கின் உள்ளத்தில் திறந்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார். தேவகிருபையால் உயிர் தப்பினார். அதன் பிறகே நீண்ட சிகிச்சை கிடைத்தது; நோய்க்குச் சரியான பெயரும் தெரியவந்தது. 2014-இல் தம் கதையை நூலாக வெளியிட்டார். இன்று மனநோயால் துன்புறுகிறவர்களிடையே பேசி, உதவி கேட்க அஞ்ச வேண்டாம் என்று சொல்லி வருகிறார்.

ஒரே மனிதருக்கு இரண்டு காயங்கள். முதல் காயத்தை ஆயிரக்கணக்கானோர் கண்டார்கள். சில நொடிகளில் ஒரு கை அதன்மேல் வந்தது. இரண்டாம் காயத்தை யாரும் காணவில்லை. அதன்மேல் ஒரு கை வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியைக் குறித்தே நான் கவலைப்படுகிறேன். ஏனெனில் இதே இடைவெளி நம் சபைகளுக்குள்ளும் இருக்கிறது.

ஒரு சகோதரருக்கு இருதய அறுவை சிகிச்சை என்றால் உபவாச ஜெபம் ஏறெடுக்கிறோம். மருத்துவமனைக்குப் பழங்களோடு போகிறோம். நல்ல மருத்துவர் யார் என்று விசாரித்துச் சொல்கிறோம். அதே சகோதரர் மூன்று மாதமாக உறக்கமின்றி, வாழ்வே வேண்டாம் என்று இருக்கிறார் என்றால் நம் பேச்சு மாறிவிடுகிறது. விசுவாசக் குறைவு என்கிறோம். மறைவான பாவம் இருக்கும் என்று ஊகிக்கிறோம். குடும்பத்தாரோ வெளியே தெரியக்கூடாது என்று கதவை அடைக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுவது தேவனை நம்பாததற்கு அடையாளம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் நாம் அப்படிச் சொல்வதில்லையே!

மனச்சோர்வு எல்லாமே நோயல்ல, சில துயரங்கள் ஜெபத்திலும் ஐக்கியத்திலும் ஆறிவிடும் என்பதும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது எப்படிப்பட்டது என்று தீர்ப்பிடும் பயிற்சி நமக்கு இல்லை. கழுத்து அறுந்தவனுடைய காயத்தின் ஆழத்தை ஆராய்ந்த பின்பு கைநீட்டுவோம் என்று பிட்சுட்டெல்லி காத்திருக்கவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவதற்கு வேண்டிக்கொண்டபோது, தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் நினைவுகூருங்கள். முதலில் உறக்கமும், அடையும், தண்ணீரும் தந்தார். பேச்சு அதற்குப் பின்பே வந்தது.

ஆகையால் சபையாரிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெருந்துயரம் கண்ட ஒருவர் திரும்ப ஆராதனைக்கு வந்த நாளில் கைகுலுக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் வீட்டுக்குப் போய், உறக்கம் வருகிறதா என்று கேளுங்கள். சாட்சி வேளையில் வென்று முடித்தவர்களுக்கு மட்டுமல்ல, இன்னும் போராட்டத்தின் நடுவில் இருக்கிறவர்களுக்கும் இடம் கொடுங்கள். மனநல மருத்துவரிடம் போக அஞ்சுகிற ஒருவருக்கு அறிவுரை சொல்வதைவிட, அவரோடு கூடப் போய் வெளியே இருக்கையில் காத்திருங்கள்.

இதை வாசிக்கிறவர்களில் யாரேனும் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு தனியே போராடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். என்னிடம் சொல்லலாம், உங்கள் மருத்துவரிடம் சொல்லலாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். உதவி கேட்டதால் உங்கள் விசுவாசம் சிறுத்துப்போவதில்லை. குருவானவரைக் கேட்ட அதே மனிதர்தான் தம் கழுத்தின்மேல் இன்னொருவருடைய கை இருக்க விட்டார், அதனாலேயே பிழைத்தார்.

நொறுங்கினவர்களுக்கு அருகில் நிற்கும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.