ஆரம்பக்காரன் தட்டுக்கு ஒரு வக்காலத்து

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "டிஸ்க் கோல்ஃப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். "அப்படின்னா?" என்றார். "பறக்கும் தட்டு" என்றேன். "வேற்றுக்கிரகவாசி மேட்டரா? சூப்பர், எழுதுங்க!" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். ஆகவே முதல் மன்னிப்பு அவரிடம். இதில் வேற்றுக்கிரகவாசி யாரும் வரமாட்டார்கள். வருவது ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதிலும் எல்லோராலும் "இது சும்மா பழகுறவனுக்குப்பா" என்று ஒதுக்கப்படுகிற தட்டு. அதற்காகத்தான் இந்த வக்காலத்து.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப்பில் பந்தைக் குச்சியால் அடித்துக் குழியில் போடுவார்கள் அல்லவா? இங்கே பந்துக்குப் பதில் கையால் வீசும் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. மிகக் குறைந்த வீச்சில் கூடையில் போட்டவன் ஜெயித்தான். அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார்; அடுத்த ஆண்டே இதற்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார். சங்கிலிக் கூடையும் அவர் யோசனைதான். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே அவரது சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். மனுஷன் செத்தும் பறந்தார்!

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பெரியம்மா மகன் அண்ணன் வட கரோலினாவில் சார்லட் என்ற ஊரில் வேலை பார்க்கிறார். 2012இல் இந்த விளையாட்டின் உலகப் போட்டி நடந்த ஊர் அது. சனி ஞாயிறு ஆனால் அண்ணன் காட்டுக்குள் போய்விடுவார். காடு என்றால் நிஜமாகவே காடு. அங்கே பல மைதானங்களில் இரண்டு பக்கமும் மரம், நடுவில் ஒரு லாரி போகிற அளவு சந்து, அதன் கோடியில் கூடை. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் எனக்கு மூன்று தட்டுகள் கொண்டுவந்தார்.

மூன்றும் ஒரே கம்பெனி, இன்னோவா. அவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எண்கள் கொடுப்பார்கள். முதல் எண் வேகம்: அந்தத் தட்டு ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகத்தில் வீச வேண்டும் என்பது. இரண்டாவது மிதப்பு. மூன்றாவது, வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது. இது மைனஸில் போகப் போக அதிகம் திரும்பும். நான்காவது, வேகம் குறைந்து இறங்கும்போது இடப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது. (இதெல்லாம் வலக்கைக்காரன் பின்கையால் வீசினால். எங்கள் செட்டில் ஒருவன் இடக்கையன். அவனுக்கு வலம் இடம் மாறிவிடும்.)

முதல் தட்டு டெஸ்ட்ராயர்: 12, 5, -1, 3. பெயரே 'அழிப்பவன்'! இரண்டாவது ராக்: 4, 4, 0, 3. மூன்றாவது ஸ்டிங்ரே: 4, 5, -3, 1. பின்னது இரண்டும் மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூரத் தட்டுகள். ராக் கெட்டி, இடப்பக்கம்தான் இறங்கும். ஸ்டிங்ரே இளகிய மனசு. லேசாக வேகம் கிடைத்தால் வலப்பக்கம் திரும்பிவிடும். இந்த ரகத்தைத்தான் அண்டர்ஸ்டேபிள் என்கிறார்கள். அண்ணன் அதை எடுத்துக் கொடுக்கும்போதே, "இது பிகினர் டிஸ்க்டா தம்பி. ஒரு ரெண்டு மாசம் பழகு, அப்புறம் தூக்கிப் போட்ரு" என்றார்.

அந்த "தூக்கிப் போட்ரு"தான் என்னை இதை எழுத வைத்தது.

மறுவாரம் காலேஜ் கிரவுண்டில் மூன்றையும் வீசிப் பார்த்தோம். எல்லோர் கையும் முதலில் எதற்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அழிப்பவன்தான்! மூச்சைப் பிடித்து வீசினேன். கையை விட்டதும் இடப்பக்கம் சாய்ந்து, நேராக கேன்டீன் பக்கத்து வேலியில் போய் விழுந்தது. சிவில் நண்பர்கள் சர்வே டேப் கொண்டுவந்திருந்தார்கள். 41 மீட்டர். பிறகு ஸ்டிங்ரேயை, பாதி அலட்சியத்தோடு, பாதி பலத்தில் வீசினேன். அது நிதானமாக மிதந்து, நேராகப் போய், கடைசியில் இலைபோல இறங்கியது. 57 மீட்டர். டேப்பைப் பிடித்த நண்பன், "டேய், பெரிசு கம்மியா போவுது, சின்னது ஜாஸ்தியா போவுது… தட்டு மாறிப்போச்சா?" என்றான்.

மாறவில்லை. காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி அச்சின் இரு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, ஒருவனைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது சக்கரத்தைச் சாய்க்கப் பாருங்கள். நீங்கள் சாய்க்கிற பக்கம் சாயாமல், வேறு பக்கம் திருகிக்கொண்டு போகும். சுழலும் பொருளின் ஓர் இடத்தில் அழுத்தினால், விளைவு சுழலும் திசையில் 90 டிகிரி தள்ளித்தான் தெரியும். தட்டும் அப்படித்தான். வலக்கைக்காரன் பின்கையால் வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில் சுழலும். வேகமாகப் போகும்போது தூக்குவிசையின் மையம் தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், முன்விளிம்பு கீழே அழுத்தப்படும். சுழலாத தட்டு என்றால் குப்புற விழுந்திருக்கும். சுழல்வதால் முன்விளிம்புக்குப் பதில் வலவிளிம்பு தாழும்; தட்டு வலப்பக்கம் திரும்பும். வேகம் குறையும்போது அந்த மையம் முன்னால் நகர்ந்துவிடும். இப்போது முன்விளிம்பு மேலே தள்ளப்படும். எனவே இடவிளிம்பு தாழும். தட்டு இடப்பக்கம் சாய்ந்து இறங்கும்.

எந்தத் தட்டு எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் விளிம்பின் அமைப்பில் இருக்கிறது. பொதுவாக விளிம்பின் கூர்முனை உயரத்தில் இருந்தால் திரும்ப மறுக்கும். தாழ்வாக இருந்தால் சொன்னதைக் கேட்கும். டெஸ்ட்ராயருக்கு வேண்டிய வேகத்தை என் கை கொடுக்கவில்லை. அதனால் அதன் பயணத்தில் முதல் பாதியே நடக்கவில்லை. இறங்கும் பாதி மட்டும் நடந்தது. கையை விட்ட நொடியே அதற்குக் கடைசிக் காலம்! ஸ்டிங்ரேக்கு என் கை வேகம் போதும். அது முழுப் பயணமும் போய்வந்தது. டாப் கியரில் வண்டியைக் கிளப்பப் பார்த்தவனும் முதல் கியரில் கிளப்பியவனும் போலத்தான்.

சரி, இவ்வளவுதான் என்றால் அண்ணன் சொன்னது சரியாகிவிடும். கையில் பலம் வரும்வரை வைத்துக்கொள், வந்ததும் தூக்கிப் போடு. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் கை வேகம் கூடியது. இப்போது ஸ்டிங்ரேயைத் தட்டையாக வீசினால் வலப்பக்கம் திரும்பித் திரும்பி, கடைசியில் விளிம்பால் தரையில் உருண்டு ஓடியது. "பாத்தியா, இனிமே அது வேலைக்கு ஆகாது" என்றார் அண்ணன் போனில். நான் விடவில்லை. இடவிளிம்பைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து வீசினேன். இந்தச் சாய்வுக்கு ஹைசர் என்று பெயர். அப்போது நடந்ததை எழுதிக் காட்டுவது கஷ்டம். சாய்ந்தபடி புறப்பட்ட தட்டு, பத்துப் பதினைந்து மீட்டரில் மெதுவாக எழுந்து நிமிர்ந்தது. பிறகு மேசைபோல மட்டமாக, கோடு கிழித்ததுபோல நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இடப்பக்கம் ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தது. டேப்பை விரிக்கக்கூட ஒருவனுக்கும் தோன்றவில்லை. இதற்கு ஹைசர் ஃப்ளிப் என்று பெயராம்.

கெட்டியான ராக் தட்டில் இதைச் செய்யவே முடியாதா? வலுத்த கைக்காரர் செய்யலாம். எனக்கு அது சாய்ந்தபடி புறப்பட்டால் சாய்ந்தபடியேதான் போய் விழுகிறது. ஸ்டிங்ரேயோ நான் கொடுக்கும் சாய்வை வைத்தே மூன்று வேலை செய்கிறது: சாய்த்து வீசினால் நேராக, தட்டையாக வீசினால் வலப்பக்க வளைவு, இன்னும் வலம் சாய்த்து வீசினால் உருளை. சார்லட் காட்டுச் சந்துகளில் கூடை வலப்பக்கம் மறைந்திருக்கும்போது, வலக்கைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அங்கே 100 மீட்டர் வீசும் பலத்தைக் காட்ட இடமே இல்லை. முதல் மரத்தில் மோதாமல் போனால் போதும்.

இன்னொன்று. கெட்டித் தட்டு நம் தப்பை மறைக்கும். மணிக்கட்டைத் திருகி வீசினாலும், தட்டு ஆடிக்கொண்டே புறப்பட்டாலும், அது எப்படியாவது இடப்பக்கம் திரும்பி வந்து விழுந்துவிடும். நாமும் நன்றாகத்தான் வீசினோம் என்று வீட்டுக்குப் போகலாம். இளகிய தட்டு விடாது. மணிக்கட்டு கொஞ்சம் புரண்டால் அடுத்த நொடியே வலப்பக்கத் தரையில் கொண்டுபோய்க் குத்திக் காட்டும். ஃபிட்டிங் பிராக்டிகலில் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் என் வீச்சு திருந்தியது அதனிடம்தான், அழிப்பவனிடம் அல்ல.

அண்ணன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிர்காற்றில் இந்தத் தட்டு சுத்தமாகக் கேட்காது. எதிர்காற்று என்றால் தட்டுக்கு வேகம் கூடியதுபோல. இருக்கிற திரும்பும் குணம் இரண்டு மடங்காகத் தெரியும். அந்த நேரத்தில் ராக்தான் கை கொடுக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஒரே தட்டை வைத்து விளையாடு என்று யாரையும் சொல்லவில்லை. "பழகுறவன் தட்டு" என்று பெயர் வைத்து ஓரம் கட்டாதே என்றுதான் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? போன செமஸ்டரில் ஓர் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். என் ஃபைலைத் திறந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஓ… டிப்ளமோதானா?" என்றார். அந்தத் "தானா"வில் எல்லாம் இருந்தது. லேத்தில் நான் என்ன கடைவேன், எத்தனை மைக்ரான் பிடிப்பேன் என்று அவர் கேட்கவில்லை. உங்களில் பாதிப் பேர் இந்தத் "தானா"வைக் கேட்டிருப்பீர்கள். அன்று சாயங்காலம் கிரவுண்டுக்குப் போய் ஸ்டிங்ரேயைத்தான் எடுத்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வேடிக்கை என்ன தெரியுமா? அண்ணன் உயிரை விடுகிற ராக் தட்டே அங்கே பழசானால்தான் பெரியவர்களுக்குப் பிரியம். மரத்தில் மோதி மோதி விளிம்பு நசுங்கி, தேய்ந்து, கெட்டித்தனம் குறைந்து, வலப்பக்கம் லேசாகத் திரும்ப ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட பழைய ராக்கைத் தொலைத்தவர்கள் வீட்டில் எழவு விழுந்ததுபோல இருப்பார்களாம். அப்படியானால், வருடக்கணக்கில் மரத்தில் அடித்து அவர்கள் வரவழைக்கிற குணம் ஸ்டிங்ரேக்குப் பிறக்கும்போதே இருக்கிறது! இதை போனில் கேட்டபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லைன் சரியில்லடா" என்றார்.

மெதுவான தட்டு என்றால் இளக்காரமாக நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2021 உலகப் போட்டி, யூட்டா மாநிலத்தில் ஆக்டன் நகரம். கடைசிக் குழி. ஜேம்ஸ் கான்ராட் ஒரு வீச்சு பின்தங்கி நிற்கிறார். முன்னால் இருப்பவர் அதற்குள் ஐந்து முறை சாம்பியனான பால் மெக்பெத். கூடை 247 அடி தூரத்தில். கான்ராட் வீசினார், தட்டு பறந்து போய்ச் சங்கிலியில் விழுந்தது. ஆட்டம் சமன், அடுத்து நடந்த பிளேஆஃபில் அவரே உலகச் சாம்பியன். அவர் கையில் இருந்தது 12ஆம் நம்பர் வேகத் தட்டு இல்லை. என்வி என்ற, மிட்ரேஞ்சைவிடவும் வேகம் குறைந்த ஒரு பட்டர். அது ஸ்டிங்ரே மாதிரி இளகிய தட்டும் இல்லைதான்; ஆனால் எண்ணைப் பார்த்து ஆளை எடை போடுகிறவர்கள் அந்த வீடியோவை ஒருமுறை பார்க்கட்டும்.

செய்து பார்க்க ஆசைப்படும் நம் மோல்டிங் புலிகளுக்கு ஒரு தகவல்: இவை எல்லாம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் வருபவை. விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது. எடை ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு 8.3 கிராமைத் தாண்டக் கூடாது. 21.7 செ.மீ. என்றால் 180 கிராம். ஒரே அச்சில் வார்த்தாலும் பிளாஸ்டிக் மாறினால், ஆறுகிற விதம் மாறினால், பறக்கிற விதமும் மாறும் என்கிறார்கள். பிராஜெக்ட் தலைப்பு கிடைக்காமல் அலையும் இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் யோசிக்கலாம்.

டெஸ்ட்ராயர் இப்போது என் ஹாஸ்டல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுபவர்கள் வாங்கிப் போகலாம். ஸ்டிங்ரேயை வீசிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலை ஆறு மணிக்குக் கிரவுண்டின் வேப்பமரப் பக்கம் வாருங்கள். கூடை கிடையாது, லைட் போஸ்ட்தான் நம் கூடை. இடக்கைக்காரர்களும் வரலாம். ஏழு மணிக்குமேல் ரோட்டுப் பக்கமிருந்து காற்று ஏறிவிடும். அதற்குப் பிறகு வந்து, "தட்டு சரியில்ல" என்று என்னிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது.