கதவைக் காப்பவன் யார்?

ஜீயபுரம் நிலையத்தில் ரயிலேறித் திருச்சிக் கோட்டை நிலையத்தில் இறங்குகின்ற மாணவர்களைப் பாருங்கள். வாழையையும் நெல்லையும் நம்பி வாழும் காவிரிக் கரைக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பங்குனித் திருநாளிலே நம்பெருமாள் ஜீயபுரத்து மண்டபத்திற்கு எழுந்தருளும்போது, வாசலிலே கோலமிட்டு வரவேற்கும் இல்லங்களிற் பிறந்தவர்கள். அவர்களிலே ஒருவன் தூய வளனார் கல்லூரிக்குப் போகிறான். ஒருத்தி ஹோலி கிராஸ் கல்லூரிக்குப் போகிறாள். மற்றொருவன் ஜமால் முகமது கல்லூரிக்குப் போகிறான். முதலாவது 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883இல் திருச்சிக்கு வந்தது. இரண்டாவது 1923இல் மலர்ந்தது. மூன்றாவது 1951இல் எழுந்தது. நிறுவியவர்கள் கிறித்தவர்கள், முஸ்லிம்கள், பயின்றவர்களோ எல்லோரும்! சிறுபான்மையினர் கல்லூரி என்றதுமே, யாரோ சிலர் தமக்கென மதிலெழுப்பிக்கொண்ட கோட்டை என்று எண்ணுவோர், இந்த ரயிலில் ஒரு நாள் பயணம் செய்து பார்க்கட்டும்.

கலையும் அறிவியலும் கற்பிக்கும் இக்கல்லூரிகளின் வாசலிலே பெருஞ்சண்டை எழுவதில்லை. சண்டை எழுவது, மருத்துவமும் பொறியியலும் போன்ற தொழிற்கல்வி தரும் கல்லூரிகளின் வாசலிலே. அங்கே யாரைச் சேர்ப்பது? எந்தத் தேர்வை வைத்துச் சேர்ப்பது? அதை முடிவு செய்வது கல்லூரியா, சர்க்காரா, டில்லியா? அரை நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்கள் மாறி மாறி விடை கூறிவரும் கேள்வி இது. வழக்கறிஞர்களின் வீட்டு விவகாரம் என்று இதனை ஒதுக்கிவிடாதீர்கள். மேல்நிலைத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மகனோ மகளோ இருக்கின்ற ஒவ்வொரு வீட்டின் விவகாரம் இது.

கல்லூரி வாசலில் யார் நுழைவது என்ற கேள்விதானே, இந்நாட்டு அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்தவே காரணங்களில் ஒன்றாக அமைந்தது! சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை மருத்துவக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும் இடங்களைப் பங்கிட்டுத் தந்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் அது செல்லாது என்று 1951இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டிலே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பிற்பட்டோரின் உரிமை நிலைத்தது. ஒரு கல்லூரி இடம் என்பது வெறும் நாற்காலியன்று, ஒரு சமுதாயத்தின் எதிர்காலம் என்பதை நாட்டுக்கு அறிவித்தது தமிழகம்.

அதே அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு மற்றோர் உறுதியை வழங்கியிருக்கிறது. மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையாக உள்ள மக்கள், தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமை பெற்றவர்கள் என்பதே அது. இஃது ஏன் வழங்கப்பட்டது? பெரும்பான்மைக்கு இந்த உறுதி தேவையில்லை. சட்டசபையே அதன் கையில் இருக்கிறது. எண்ணிக்கையிற் சிறியவர்களுக்கு எண்ணிக்கையால் பறிக்க முடியாத ஓர் உரிமை வேண்டும். ஆகவே இது சலுகையன்று. தராசின் தட்டைச் சமமாக்கும் எடைக்கல்.

அந்த உரிமைக்கு எல்லை உண்டா? உண்டு. 1958இல் கேரளக் கல்வி மசோதாவைப் பற்றிக் கருத்துரைத்த உச்சநீதிமன்றம் அந்த எல்லையை அழகாக வரைந்து காட்டியது. நிருவகிக்கும் உரிமை என்பதில், நிருவாகத்தைச் சீரழிக்கும் உரிமை அடங்காது என்றது. வாசகர்கள் இந்த ஒரு வரையறையை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த தீர்ப்புகள் எத்தனையோ. எல்லாவற்றையும் அளந்து பார்க்க இந்த ஒரு கோல் போதும்.

நிருவாகத்தைச் சீரழித்தவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். மறைக்க வேண்டுவதில்லை. 1980களில் தமிழகத்திலும் கருநாடகத்திலும் தனியார் தொழிற்கல்லூரிகள் பெருகின. கூடவே, கட்டாய நன்கொடை என்னும் நச்சு மரமும் வளர்ந்தது. தமிழகத்திலே 1992இல் அதைத் தடுக்கச் சட்டமே தேவைப்பட்டது. கல்லூரி தொடங்கிய வணிகர்களிலே சிலர், சிறுபான்மை என்ற சொல்லைப் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் கடை விரித்தனர். தம் சமுதாயத்து ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. எந்தச் சமுதாயத்தவராயினும் பணப்பை கனத்தவருக்கே இடம்! சிறுபான்மையோரின் உரிமைக்கு முதற் பகைவர்கள் இவர்களே. வெளியே நின்று கல்லெறிந்தவர்களைவிட, உள்ளே நின்று கதவை விற்றவர்கள் செய்த கேடே பெரிது.

2002ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், 11 நீதிபதிகள் கொண்ட ஆயம், டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. சர்க்கார் உதவி பெறாத கல்லூரிகளுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. ஆனால் அது தகுதியின் அடிப்படையில், ஒளிவுமறைவின்றி நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், இனாம்தார் வழக்கில் 7 நீதிபதிகள் அதை மேலும் விளக்கினர். சேர்க்கை முறை நேர்மையாக இருக்க வேண்டும். வெளிப்படையாக இருக்க வேண்டும். சுரண்டலற்றதாக இருக்க வேண்டும். இம்மூன்று சோதனைகளிலும் தேறும் கல்லூரிகளின் சேர்க்கையிலே சர்க்கார் தலையிட வேண்டுவதில்லை. தேறாத கல்லூரியின் சேர்க்கையைச் சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். இதிலே அடங்கியிருக்கும் நீதியைக் கவனியுங்கள். குற்றம் செய்தவன் கையிலிருந்து திறவுகோலைப் பறிக்கலாம். குற்றம் செய்யாதவன் கையில் அது இருக்கட்டும்!

தமிழகம் இதற்கு ஒரு நடைமுறை கண்டது. 1984 முதல் தொழிற்கல்விக்கு நடந்துவந்த நுழைவுத் தேர்வை, 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒழித்தது. 2007 முதல் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. அதே சட்டம், உதவி பெறாத தொழிற்கல்லூரிகளில் எத்தனை இடங்களைச் சர்க்கார் நிரப்பும் என்பதையும் வரையறுத்தது. சிறுபான்மையல்லாத கல்லூரிகளில் நூற்றுக்கு 65. சிறுபான்மைக் கல்லூரிகளில் நூற்றுக்கு 50. பாதி நாட்டுக்கு, பாதி நிறுவனத்துக்கு! வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீரை மடைக்கு மடை பங்கிட்டுப் பழகிய காவிரிக் கரைக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். மேல்மடைக்காரனும் வாழ வேண்டும். கடைமடைக்காரனும் வாழ வேண்டும்.

ஆனால் மருத்துவக் கல்வியிலே வேறொரு காட்சி. அதை விளக்க வேலூருக்குச் செல்ல வேண்டும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே ஒற்றைப் படுக்கையுடன் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி கண்டார். 1942இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களுக்கும் கதவு திறந்தது. நம் திருச்சி மாவட்டத்திலேகூட, கடும்பிணி கண்டால் வேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லாத ஊர் உண்டோ? அந்தக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தனக்கென ஒரு சேர்க்கை முறை வைத்திருந்தது. எழுத்துத் தேர்வு நடத்தும்; பின்னர் மாணவரை நேரில் அழைத்து அவருடைய இயல்பையும் தொண்டு மனத்தையும் ஆராயும். திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் பின்தங்கிய பகுதிகளின் மருத்துவமனைகளில் 2 ஆண்டுகள் பணியாற்றுவதாக உறுதியளிப்பார்கள். மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு மருத்துவரை அனுப்பிவைத்த முறை அது.

2010 டிசம்பரில் இந்திய மருத்துவக் கழகம் நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்று அறிவித்தது. வேலூர்க் கல்லூரி வழக்குத் தொடுத்தது. 2013 ஜூலை 18ஆம் நாள், மூவரில் இருவர் தீர்ப்பால் அந்த அறிவிப்பு வீழ்ந்தது. 2016 ஏப்ரல் 11ஆம் நாள் அத்தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே பாராளுமன்றம் நீட் தேர்வைச் சட்டமாக்கியது. 2017இல், தன் முறைப்படி தேர்ந்தெடுக்க இயலாத நிலையில், வேலூர்க் கல்லூரி மருத்துவச் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. 100 இடங்களில் 1 இடம் மட்டுமே அந்த ஆண்டு நிரம்பியது! 2020 ஏப்ரல் 29ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. ஒரே தேர்வு என்பது தகுதியைக் காக்கும் ஒழுங்குமுறை; முறைகேட்டைத் தடுக்கும் வழி; அதனால் சிறுபான்மையோரின் உரிமை பறிபோகவில்லை என்றது உச்சநீதிமன்றம்.

தீர்ப்புக்கு நாடு கட்டுப்பட்டது. ஆயினும் தீர்ப்பை ஆராயும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. நாம் கேட்கிறோம்: இனாம்தார் வழக்கின் மூன்று சோதனைகளிலே எதில் தவறியது வேலூர்? நன்கொடை வாங்கிற்றா? தகுதியற்றோரைச் சேர்த்ததா? தவறு செய்தவனைத் தனியே பிரித்துத் தண்டிப்பது சட்டம். தவறு செய்தவனையும் செய்யாதவனையும் ஒரே கயிற்றால் கட்டுவது சட்டமாகுமோ? ஊரிலே ஒருவன் களவாடினான் என்பதற்காக, எல்லா வீட்டுச் சாவிகளையும் வாங்கிக் கச்சேரியில் வைத்துப் பூட்டுவார்களோ?

ஒரே தேர்வு முறைகேட்டை ஒழித்துவிட்டது என்பார்கள். ஒழித்ததா? 2024ஆம் ஆண்டு மே மாதம் நடந்த நீட் தேர்வின் வினாத்தாள், ஹசாரிபாகிலும் பாட்னாவிலும் கசிந்ததை உச்சநீதிமன்றமே குறிப்பிட்டது. தேர்வு முழுதும் கெட்டுவிட்டதாகச் சான்றில்லை என்று கூறி மறுதேர்வுக்கு மறுத்தது. தகுதியைக் காத்துவிட்டது என்பார்கள். காத்ததா? 2023ஆம் ஆண்டு, முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதற்காக, அந்த ஆண்டு நீட் தகுதி வரம்பு எல்லாப் பிரிவினர்க்கும் பூச்சியச் சதமானம் ஆக்கப்பட்டது. பூச்சியமும் தகுதியாம்! தேர்விலே கடைசியாக வந்தவரும், கட்டணம் செலுத்தும் வல்லமை இருந்தால், தனியார் கல்லூரியில் இடம் தேடலாம். ஒரு காலத்தில் நன்கொடையாக வந்த பணம், இன்று கட்டணம் என்றும் பயிற்சி நிலையம் என்றும் பெயர் மாற்றிக்கொண்டு முன்வாசல் வழியே வருகிறது. ஜீயபுரத்து வாழை விவசாயி தன் மகளை ஓராண்டு பயிற்சிக்கு அனுப்பும் செலவை எந்தக் கந்தாயத்தில் ஈட்டுவார்?

இந்தத் துன்பம் சிறுபான்மையோருக்கு மட்டும் உரியதன்று. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டசபை நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. தன் பணத்தில் கட்டிய கல்லூரியில் தன் பிள்ளைகளைத் தன் முறைப்படி சேர்க்க உரிமை கேட்கிறது மாநிலம். தன் உழைப்பில் எழுப்பிய கல்லூரியில் தன் நோக்கத்துக்கேற்பச் சேர்க்க உரிமை கேட்கிறது சிறுபான்மைச் சமுதாயம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். டில்லியிடம் உரிமை கேட்கும் மாநிலம், தன்னினும் சிறியவர் கேட்கும் உரிமையை மதிக்க வேண்டும். மாநில உரிமைக்குக் கைதட்டிவிட்டுச் சிறுபான்மை உரிமைக்கு முகஞ்சுளிப்பவர், உரிமையின் இலக்கணம் அறியாதவர்.

சிறுபான்மைக் கல்லூரிகளை நடத்தும் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. 93ஆவது திருத்தத்தால் 15ஆவது பிரிவிலே 5ஆம் உட்பிரிவு சேர்ந்தது. தனியார் கல்லூரிகளிலும் பிற்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடமொதுக்கச் சர்க்காருக்கு அது வழிவகுத்தது. உங்கள் கல்லூரிகளுக்கு மட்டும் விலக்களித்தது. அந்த விலக்கு உங்களுக்குச் சட்டம் தந்த கவசம். கவசம் போரிலே காத்துக்கொள்ளத்தான். கடமையிலிருந்து ஒளிந்துகொள்ள அன்று. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனச்சாட்சி கட்டாயப்படுத்த வேண்டாமா? உங்கள் சமுதாயத்திலேயே கடைசி வரிசையில் நிற்பவன் யார்? தலித் கிறித்தவன் அன்றோ? தோல் பதனிடும் கூடத்திலும் பீடிக் குடிசையிலும் உழைக்கும் முஸ்லிம் தாயின் மகள் அன்றோ? அவர்களுக்கு உங்கள் பாதி இடங்களில் எத்தனை? எண்ணிக் கூறுங்கள். ஆண்டுதோறும் அச்சிட்டுக் கூறுங்கள்.

வழி இருக்கிறது. சிறுபான்மைத் தொழிற்கல்லூரி ஒவ்வொன்றும் தன் சேர்க்கை விதிகளை முன்கூட்டியே வெளியிடட்டும். விண்ணப்பித்தோர், தேர்வானோர், அவர்தம் மதிப்பெண், தேர்வுக்கான காரணம் ஆகிய யாவற்றையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும். ஒரு காசு நன்கொடை பெற்றதாக மெய்ப்பிக்கப்பட்டால், அந்தக் கல்லூரியின் சேர்க்கை உரிமையைச் சர்க்கார் அந்த ஆண்டே எடுத்துக்கொள்ளட்டும். அத்துடன் சர்க்காரின் வேலை முடிந்தது. மேற்பார்வை அதன் கடமை. தண்டிப்பது அதன் அதிகாரம். தேர்ந்தெடுப்பது அதன் உரிமையன்று.

வாசகர்களே! உரிமை வேறு, உடைமை வேறு. சிறுபான்மைக் கல்லூரியின் கதவு அதன் அறங்காவலர்களின் உடைமையன்று. டில்லிக்குச் சொந்தமான சுங்கச் சாவடியும் அன்று. கற்க வரும் பிள்ளைக்காக ஒரு சமுதாயம் காத்துவரும் பொறுப்பு அது. காப்பவன் கதவை விற்றால் அவனை விலக்குங்கள். காவலையே ஒழித்துவிட்டு, கதவு பத்திரமாயிருக்கிறது என்று கூறுவோரை நம்பாதீர்கள்.