மின்வெட்டுக்குச் சூரியசக்தி மட்டும் போதுமா?

கொத்மலை மாணவர்கள் மின்சாரத்தின் பிறப்பிடத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1985 இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாற்று. 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை நிலையத்தின் கொள்ளளவு 150 மெகாவாற்று. ஆயினும் சுற்றியுள்ள தோட்டங்களில் மெழுகுதிரி வாங்காத வீடு இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. இங்கு பிறக்கும் மின்சாரம் நேராக நமது லயத்துக்கு வருவதில்லை. தேசிய மின்வலையமைப்பினூடாகவே வருகிறது. 2021 டிசெம்பர் 3 ஆம் திகதி கொத்மலை - பியகம மின்கடத்தும் பாதை செயலிழந்தபோது நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்மையாலும் நீர்த்தேக்கங்கள் வற்றியமையாலும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2021 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலேயே ஆரம்பமானது. அந்த இருளில் படித்தவர்கள் உங்கள் அண்ணன்மாரும் அக்காமாருமே.

"சூரியசக்தியே இதற்குத் தீர்வு" என்று பலர் கட்டுரையில் ஒரே வரியில் முடித்து விடுகின்றனர். அது அரைவாசி உண்மை. மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்ட கூரைச் சூரியப்படல், பற்றரி இல்லாவிடின், மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பிகளைத் திருத்தும் ஊழியர்மீது மின் பாயாதிருக்கவே இவ்வாறு அமைத்துள்ளனர். மேலும், சூரியன் உழைப்பது பகலில். நாம் படிப்பது இரவில். எனவே பற்றரிதான் இங்கு உயிர்நாடி.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 7 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் இரண்டு 4 மணித்தியாலம் எரிய 56 வாற்று மணி தேவை. 12 வோல்ற்று, 20 அம்பியர் மணிப் பற்றரி 240 வாற்று மணியைச் சேமிக்கும். ஈய அமிலப் பற்றரியை அடிக்கடி பாதிக்கும் கீழே இறக்கினால் விரைவில் பழுதாகும். ஆகவே 120 ஐயே கணக்கில் எடுக்க வேண்டும். அது இரண்டு இரவுகளுக்குப் போதும். (விஞ்ஞான வினாத்தாளுக்கும் இக்கணக்கு உதவும்.) மூடுபனியிலும் தென்மேல் பருவமழையிலும் படல் தரும் மின் வெகுவாகக் குறையும் என்பதால் சற்றுப் பெரிய படலே நமக்கு ஏற்றது. ஆனால் நீர்த்தேக்கங்கள் வற்றும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை.

அப்படியானால் தடை பணம் மட்டுமா? 2016 இல் அரசாங்கம் ஆரம்பித்த 'சூரிய பல சங்கிராமய' திட்டம், கூரையில் மின் உற்பத்தி செய்து விற்குமாறு வீட்டுக்காரரை ஊக்குவித்தது. லயத்துக் காம்பராவில் வாழும் தொழிலாளிக்கு அந்தக் கூரை சொந்தமா? ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள். ஆணி அடிப்பதற்கும் தோட்ட நிருவாகத்தைக் கேட்க வேண்டும். இதைப் பேசாமல் சூரியசக்தியைப் புகழ்வதில் பயனில்லை.

காம்பராவுக்கு ஒன்று என்பதை விட, தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பற்றரியுடன் ஒரு பொதுத் தொகுதி அமைப்பதே நன்று என்பது எனது கருத்து. மேற்கூறிய பற்றரிகள் இரண்டு இருந்தால் நான்கு மின்குமிழ்கள் இரண்டு இரவுகள் எரியும். ஒரு தோட்டத்துப் பரீட்சை மாணவர் அனைவரும் அங்கே கூடிப் படிக்கலாம்.

பொதுப்பொருளை யார் பராமரிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1997 இற்குப் பின் உலக வங்கியின் உதவியுடன் இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுச் சூரியத் தொகுதிகள் பொருத்தப்பட்டன. மின்கம்பி வந்தபின் அவற்றுட் பல கைவிடப்பட்டன. ஈய அமிலப் பற்றரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எனவே தொடக்கத்திலேயே மாதாந்தம் ஒரு சிறு தொகையை அதற்கென ஒதுக்க வேண்டும். பழைய பற்றரியை ஓடையில் எறியாது கடையில் கொடுத்தால், ஈயத்தின் பெறுமதியும் அந்த நிதியிற் சேரும்.